பாக்கி

மூன்றாவது மூட்டில் முறிந்திருந்தது கம்பி.
மேலே சக்கரம் சுற்றிக்கொண்டுதான் இருந்தது,
பதினெட்டுத் தகடும் பளபளவென்று.
கீழே அறுபத்திரண்டடியில்
வாஷரும் வால்வும் இருட்டில் சும்மா உட்கார்ந்திருக்க
தண்ணீர் வரும் குழாயில்
ஓணான் ஒன்று தலைநீட்டிப் பார்த்தது.

முப்பந்தலுக்கு மேற்கே என் நாற்பது சென்ட் பிச்சி.
வரப்பில் நின்று எண்ணினால் நாற்பத்தொரு காற்றாலை.
அத்தனையும் மின்சாரம் அரைக்கிறது
எந்த ஊர் உலைக்கோ.
நான் இணைப்புக் கேட்டு எழுதிப்போட்டு
ஒன்பது வருஷம்.

கோட்டாற்றில் செய்யதலி பட்டறையில் கேட்டேன்.
கட்டடக் கம்பியில் மரை வெட்டித் தந்தார்.
"நல்ல உறுதியாக்கும்."
உறுதிதான்.
அந்தக் கனத்தைத் தூக்க ஆடிக் காற்று வேண்டும்.
பங்குனியில் சக்கரம் அசையவில்லை,
பாரத்தைப் பார்த்ததும் படுத்துவிட்ட மாடு.

பிறகு மூங்கில். பதினோரு நாள்.
ஊறிப் பருத்து, கணுவோடு வாய் பிளந்தது.
சிம்பு அடைத்த குழாயை முழுக்கக் கழற்றினோம்.
தோவாளைச் சந்தையில் என் கூடை
அரைக்கூடை ஆனது, பிறகு ஒரு பொட்டலம்.

என் நிலத்து மூலையிலும் ஒரு காற்றாலை நின்றதுண்டு.
வயசாகிவிட்டதென்று கழற்றினார்கள்.
கோபுரத்தை எடைபோட்டு விற்றார்கள்,
தாமிரத்தை அதற்கும் முந்தியே.
இறக்கை மூன்றையும் அப்படியே விட்டுப் போனார்கள்.
கண்ணாடிநார். உருகாது, மக்காது,
ஆக்கர் கடைக்காரன்கூடத் தொடமாட்டான்.
இடத்து வாடகை மூன்று வருஷம் பாக்கி.
அடியில் கீரி குட்டி போட்டிருக்கிறது.

துருப்பிடிக்காதது எது, ஊறாதது எது,
இருபது வருஷம் வளைந்து வளைந்தும்
முறியாதது எது
என்று மூங்கில் சிம்பை விறகுக்கு அடுக்கிக்கொண்டே யோசித்தேன்.
தலை நிமிர வேண்டியிருக்கவில்லை.
அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தேன்.

காவலுக்கு நல்லபெருமாள்.
அவருக்கும் ஐந்து மாசச் சம்பளம் வரவில்லை.
"அறுக்கப் போறேன்" என்றேன்.
வானத்தைப் பார்த்தார். வாட்சைப் பார்த்தார்.
"நான் சாயா குடிக்கப் போறேன். ரெண்டு சாயா."
அரைமணி நேரத்தில் திரும்பி வந்து
வாளின் மறுமுனையைப் பிடித்தார்.

உள்ளே முதுகெலும்பு மாதிரி ஓடும் பட்டையில்
நார் அத்தனையும் ஒரே திசை.
பத்தடியில் ஆறு துண்டு, பெருவிரல் கனம்,
மேலே ரெண்டடிக்கு ஒரு ஒட்டு.
மூட்டுக்குச் செய்யதலியின் பித்தளை உறை
(கட்டடக் கம்பியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்,
என் முகத்தைப் பார்க்காமல்).
கீழே இறங்க மனசில்லாத லேசு அதற்கு.
குளச்சல் வலைக்காரரிடம் வாங்கின ஈயக்குண்டு நாலை
நுனியில் கட்டினேன்.
தூள் சட்டைக்குள் புகுந்து நாலு நாள் அரிப்பு.
தேங்காயெண்ணெய், திருநீறு, வசவு,
எதற்கும் கேட்கவில்லை.

இறக்கின அன்று காற்றே இல்லை.
ஆறு மணிக்குக் கணவாய்ப் பக்கமிருந்து ஒரு மூச்சு,
கொடியில் துணிகூட ஆடாத மூச்சு.
சக்கரம் கிறீச்சிட்டது.
கம்பி ஒரு சாண் எழுந்தது. இறங்கியது.
எழுந்தது.
இருபத்தேழாவது தடவை குழாய் இருமியது.
முதலில் செங்கல் நிறம்.
நல்லபெருமாள் கையேந்திக் குடித்து
"இரும்பு வாடை" என்று துப்பினார்,
மறுபடியும் கையேந்தினார்.

போன வாரம் சென்னையிலிருந்து கடிதம்:
இறக்கைகள் மூன்று, ஒவ்வொன்றும் பன்னிரண்டு மீட்டர்,
இருப்பைச் சரிபார்த்து உறுதிசெய்யவும்.
தாளின் முதுகிலேயே எழுதினேன்.

இரண்டு முழுசாக உண்டு.
மூன்றாவதில் கொஞ்சம் கிணற்றுக்குள் இருக்கிறது,
வேலைக்குப் போகிறது.
அதற்குக் கூலி யாருக்கு என்று தெரியவில்லை;
எனக்கு வரவேண்டியதில் கழித்துக்கொள்ளவும்.
கீரியை நான் எண்ணவில்லை.